சட்டைக்குள் எந்த மின்கலம்?

கலைவிழா மேடையில் விளக்குகள் அணைந்ததும் நடன ஆடையில் சிறு ஒளிப்புள்ளிகள் மின்னினால் சபையில் கைதட்டல் எழுவது இயல்பே. எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயிகளை ஆடையிலோ தொப்பியிலோ தைத்துச் செய்யும் ஆக்கங்கள் விஞ்ஞானக் கண்காட்சிகளுக்கும் ஏற்றவை. இரவில் புத்தளம் களப்பில் இறங்குவோர் தலையில் கட்டும் பட்டிவிளக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆனால், விளக்கின் நிறத்தைப் பற்றிப் பல நாள் யோசிப்பவர்கள் மின்கலத்தைக் கடைசி நாளில் கையில் கிடைத்ததைக் கொண்டு முடித்துவிடுவதுண்டு. பழுதான கைத்தொலைபேசியிலிருந்து கழற்றிய லிதியம் அயன் மின்கலம் அவ்வாறு கிடைக்கும் ஒன்றாகும். அதனை மாணவர் அணியும் ஆடையில் பொருத்துவதைப் பாடசாலைகள் அடியோடு தடைசெய்ய வேண்டும் என்பது எனது கருத்து.

“3.7 வோல்ற்றுத்தானே, அது மனிதரைத் தாக்குமா?” என்று கேட்பீர்கள். தாக்காது. ஆபத்து வெப்பத்தில் உள்ளது. இம்மின்கலத்தின் அகத்தடை மிகச் சிறியது. அதை 0.1 ஓம் எனக் கொள்வோம். ஆடும்போது கம்பி ஒன்று அறுந்து மற்றதைத் தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்பட்டால், ஓமின் விதிப்படி 37 அம்பியர் வரை பாயலாம். வலு ஏறத்தாழ 137 வாற்று! மெல்லிய கம்பி கணப்பொழுதில் பழுக்கும், மின்கலமும் தீப்பற்றலாம். 2016 இல் சாம்சுங் நிறுவனம் கலக்சி நோட் 7 தொலைபேசிகளை உலகெங்கும் மீளப்பெற்றது, அவற்றின் மின்கலங்கள் தீப்பற்றியதாலேயே. தேர்ந்த பொறியியலாளர் செய்த பொருளுக்கே அந்நிலை என்றால், கத்தியால் நெம்பிக் கழற்றிய பழைய மின்கலத்தை எப்படி நம்புவது?

கடையில் ‘பென்டோர்ச் பற்றரி’ என்று கேட்டு வாங்கும் உலர் மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ற்று கிடைக்கும். ஒவ்வொன்றின் அகத்தடையும் 0.5 ஓம் எனின், குறுஞ்சுற்றிலும் 3 அம்பியரே பாயும். அதுவும் சுடும்; ஆயினும் கழற்றி எறிய அவகாசம் தரும். அதனால் மின்கலப் பெட்டியை உடைக்குள் தைக்காது, இடுப்புப் பட்டியின் வெளிப்புறத்தில் ஆளியுடன் மாட்டுக.

இனித் தடையி. வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ற்றும் 20 மில்லி அம்பியரும் போதும். எனவே (4.5 − 3) ÷ 0.02 = 75 ஓம்; சந்தையில் கிடைக்கும் 82 ஓம் தடையி பொருந்தும். சமாந்தரமாக இணைக்கும் ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனித் தடையி வேண்டும். இரண்டு உலர் மின்கலங்களுடன் தடையி இல்லாமலும் எரிகிறதே என்போர் உளர். அங்கே மின்கலத்தின் அகத்தடையும் தடையியின் வேலையைச் செய்கிறது! அதே சுற்றுக்கு முழுதாக மின்னேற்றிய, 4.2 வோல்ற்று தரும் லிதியம் மின்கலத்தை மாட்டினால் எல்.ஈ.டி. கருகிவிடும்.

மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஐதரைட்டு மின்கலம் சிக்கனமானது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதன் அகத்தடையும் குறைவு. பத்து எல்.ஈ.டி.களுக்கு 0.2 அம்பியரே தேவை. ஆகவே நேர்முனைக்கு அருகே 0.5 அம்பியர் உருகி ஒன்றை இணைப்பது கட்டாயம்.

கற்பிட்டி, உடப்பு, சிலாபம் எனக் கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து ஆடையை மின்பகுபொருளில் நனைந்த துணியாக்குகின்றன. வெற்றுக் கம்பிகளுக்கிடையே மின்பகுப்பு நிகழ்ந்து, நேர்க்கம்பியின் செம்பு கரைந்து பச்சைப் படிவாகும். பற்றாசிட்ட மூட்டுகள் யாவற்றையும் காவலி நாடாவால் மூடுங்கள். கழுவுமுன் மின்கலத்தைக் கழற்றுங்கள்.

நாணயம் போன்ற பொத்தான் மின்கலத்தை வீட்டில் கவனமின்றி வைக்கவும் கூடாது. தம்பி தங்கையர் விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாகலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கண்காட்சி நடுவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒளிரும் ஆடைக்குப் புள்ளி இடுமுன் அதன் சுற்றுவரிப்படத்தைக் கேளுங்கள். தடையியின் பெறுமானமும் உருகியும் அதில் குறிக்கப்படாவிட்டால், எவ்வளவு அழகாக ஒளிர்ந்தாலும் முதலிடம் வழங்க வேண்டாம்.