நாள் தவறினால் நியாயமும் தவறும்



உங்கள் கணவரோ மகளோ பிரதேச சபையொன்றில் தொழில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள், "நாளை முதல் வரவேண்டாம்" என்று கடிதம் வருகிறது. அதே தரத்திலுள்ள மற்றவர்களோ தொடர்ந்தும் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் என்ன பேசுவோம்? "சபூர் செய்வோம், தவிசாளரைக் கண்டு கதைப்போம்" என்போம். அவர் அடுத்த கிழமை வரச் சொல்வார். கிழமைகள் ஓடும்; சட்டம் காத்திருக்காது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி, நிர்வாகச் செயலினால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். பிரதேச சபையின் செயலும் இதில் அடங்கும். பாரபட்சமான வேலைநீக்கம் 12 ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையைத் தொடுகிறது. தனியார் கடையில் வேலை இழந்தவருக்குத் தொழில் நியாய சபைக்குச் செல்ல 6 மாதம் உண்டு. அதைக் கேள்விப்பட்டுச் சபை ஊழியரும் ஆறுதலாக இருந்துவிட்டால், கதவு அடைபட்ட பின்புதான் விளங்கும்.

கொழும்புக்குப் போக வசதியில்லையே என்று கலங்கவேண்டாம். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்துக்குப் போனாலே போதும். ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு உறங்கிவிடக் கூடாது. விசாரணை உண்மையில் நடந்தது என்பதற்குச் சான்றை நீதிமன்றம் கேட்கும். ஆகவே ஆணைக்குழு தரும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இத்தாவின் 4 மாதம் 10 நாளை ஒரு நாளும் பிசகாமல் எண்ணுகிற வீடுகள் நம்முடையவை. கடனைக்கூட எழுதி வைக்கச் சொல்கிற மார்க்கம் நம்முடையது. வேலைநீக்கக் கடிதத்தின் நாளை மட்டும் எண்ணாமல் விடுவது ஏன்? இங்கே பிறைக் கணக்கல்ல, கலண்டர்க் கணக்கு என்பதையும் மறவாதீர்கள்.

சபூர் என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. கடிதம் கிடைத்த அன்றே அதன் மூலையில் திகதியைக் குறியுங்கள், பிரதி எடுங்கள், அந்தக் கிழமைக்குள்ளேயே முறைப்பாட்டை எழுதுங்கள். தவிசாளரிடம் பேசுவதைத் தடுப்பார் யாருமில்லை. இதைச் செய்துவிட்டு அதையும் செய்யுங்கள்.