திண்ணையில் தேடுங்கள் முன்னோரை

உம் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் யாது? குடந்தைக்கு அருகே ஒரு திருமண வீட்டில் அண்மையில் இதைக் கேட்டேன். கூடத்திலிருந்த நாற்பதின்மருள் இருவரே விடை சொன்னார்கள். மற்றொருவர், வடபுலத்து முனிவர் ஒருவரின் பெயரைத் தம் குலமுதல்வர் பெயராகக் கூறினார். பாட்டன் பெயரே தெரியாதவருக்கு முனிவர் பெயர் எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. விருந்துண்ணப் போன இடம்.

முன்னோரைத் தேடப் புகுவோர் கோவிற் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுகின்றனர். அங்கே கொடை கொடுத்தவன் இருப்பான். அக்கொடைக்கான நெல்லை விளைவித்தவன் பெரும்பாலும் இரான். எளிய குடிகளின் தடம் வேறோரிடத்தில் இருக்கிறது. அது பள்ளித் திண்ணை.

கற்பித்தலைக் கொண்டு குடியை அறிவது தமிழர்க்குப் புதிதன்று. நக்கீரனாரை 'மதுரைக் கணக்காயனார் மகனார்' என்றே கழக நூல்கள் குறிக்கின்றன. பாலாசிரியர் நற்றாமனார் என்ற பெயரிலும் தொழில் நிற்கிறது. எம் குடும்பத்துக்கும் ஊரில் 'வாத்தியார் வீடு' என்று பெயர். அச்சொல் உபாத்தியாயர் என்னும் வடசொல்லின் சிதைவு. எம் பாட்டியாரோ 'அண்ணாவி வீடு' என்றே சொல்லுவார். அந்த ஒரு சொல்தான் எனக்குக் கிடைத்த முதற் சான்று.

அண்ணாவியின் பள்ளியில் கூரையைவிடக் கல்வி பெரிது. முதலில் மணலில் விரல். பின்னரே ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் ஒருபுறம். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று மறுபுறம். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று என்று பத்தகவைச் சிறுவன் உள்ளத்தாலேயே கணக்கிட்டான். களத்துமேட்டில் நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று அளக்கும்போது எவனும் அவனை ஏய்க்க முடியாது. மாலையில் வீடு திரும்புமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி, மறுநாள் நினைவாகச் சொல்லவேண்டும் என்று அனுப்புவர். சென்னைக்கு வந்த ஆண்டுரூ பெல் என்ற வெள்ளையர் மணலில் எழுதும் முறையை இங்கே கண்டு தம் பள்ளியில் மேற்கொண்டார். 1797-இல் அதைப்பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். அங்கே அதற்குச் 'சென்னை முறை' என்றே பெயர் வழங்கிற்று. நம்மவரோ திண்ணைப்பள்ளி என்றால் நகைக்கிறார்கள்!

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ, பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்டத் தண்டலர்களுக்கு ஆணையிட்டார். 1826-இல் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். மாணவர் ஏறத்தாழ 1,88,000 பேர். தஞ்சை மாவட்டத்தில் மட்டும் 884 பள்ளிகள். 1983-இல் தரம்பால் இவற்றை நூலாக வெளியிட்ட பின்னரே பலரும் அறிந்தனர். ஆனால், அப்பட்டியல்களில் எண் உண்டு; பெயர் இல்லை. அக்கணக்கெடுப்பு தொடங்கியபோது மீனாட்சிசுந்தரனார்க்கு ஏழகவை. திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூரில், ஆசிரியரான தந்தை சிதம்பரனாரிடமே அவர் பயின்றார். அவரைப் போன்ற பிள்ளைகள் அப்பட்டியல்களில் வெறும் எண்ணாகவே நிற்கிறார்கள். குடந்தைக் கல்லூரியில் 1880 முதல் தமிழ் கற்பித்த சாமிநாதர், தம் ஆசிரியரான அப்பெருமகனின் வரலாற்றைத் தேடித்தேடி எழுதியதால் தந்தையின் பெயரும் நமக்குக் கிடைத்தது. மற்ற அண்ணாவிகளுக்கு அப்படியொரு மாணவர் வாய்க்கவில்லை.

பெயரோடு கூடிய சான்று, பிற்காலப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் கிடைக்கும். 1871-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சிற்றூர்களில் பொதுப்பள்ளிகள் பெருகின. பதிவேட்டில் தந்தை பெயரும் தொழிலும் ஊரும் இருக்கும். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர். வலக்கையைத் தலைமேல் வளைத்து இடக்காதைத் தொட்டால் அகவை ஐந்து என்று எழுதிய காலம் அது. பிறந்த நாள் பெரும்பாலும் தலைமையாசிரியர் கற்பித்ததே. பெயரும் அப்படித்தான். எம் பாட்டனாரை வீட்டில் ஊர்க்காவல் தெய்வத்தின் நல்ல தமிழ்ப் பெயரால் அழைத்தனர். பதிவேட்டில் அவர்க்கு நீண்டதொரு வடமொழிப் பெயர்! சேர்த்துக்கொண்டவர் தம் விருப்பப்படி எழுதிவிட்டார். குடமூக்கு என்று சம்பந்தர் பாடிய ஊர் கும்பகோணம் ஆனதும் இவ்வாறே அன்றோ? ஆகவே இரு பெயர்களையும் கேட்டறிந்து தேடுக. ஒன்றை மட்டும் தேடினால் உம் பாட்டன் உமக்கு எதிரிலிருந்தும் அகப்படமாட்டார்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. அத்திண்ணையில் ஏற இடம்பெறாதவர் பலர். இச்சோற்றுவளநாட்டின் சேற்றில் நின்று உழைத்தவர்தம் பிள்ளைகளுள் மிகப் பலர்க்கு எண்சுவடி எட்டவில்லை. பெண்மக்களுள் பயின்றோர் மிகச் சிலர். அக்குடியில் வந்தோர் தேடவேண்டிய இடங்கள் கிறித்தவப் பள்ளிகளின் ஏடுகளும், நாகையிலிருந்து மலேயாவுக்குச் சென்ற கூலியாட்களின் பட்டியல்களுமே. தமிழ்ப்பெருமை பேசும் நாம் இதைச் சொல்லக் கூசினால், நம் தேடல் பாதிக் குடியின் வரலாறாகவே முடியும்.

ஊர்தோறும் பழைய பள்ளிக் கட்டடங்கள் இடிபடுகின்றன. ஏடுகளைக் கரையான் அரிக்கிறது; பதினெட்டாம் பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்ட மூடப்பழக்கத்தின் மிச்சம் இது. உம் ஊர்த் தலைமையாசிரியரை அணுகிப் பழைய பதிவேட்டைப் பார்க்க இசைவு கேளுங்கள். உம் குடும்பத்தாரைப்பற்றிய வரிகளைப் படியெடுங்கள். தொண்ணூறு கடந்த முதியோரிடம் வீட்டுப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

எம் வீட்டுப் பரணில் கிடைத்தவை ஏழே ஓலைகள். நெல்லிலக்கம், பதக்கு வரை வந்து முறிந்திருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. வரும் கிழமை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறைக்கு அவற்றை எடுத்துச் செல்கிறேன்.