செஞ்சியில செஞ்ச தப்பு!

செமஸ்டர் லீவு வருது. 'எங்கயாச்சும் மலை ஏறணும் மச்சி'ன்னு உங்க கேங்ல ஒருத்தன் இந்நேரம் ஆரம்பிச்சிருப்பான். பனிச்சறுக்குன்னா குல்மார்க், ஔலி போகணும். பாறை ஏற்றம்னா ஹம்பி, பாதாமி. ஆசை எல்லாம் சரி, பர்ஸைத் திறந்தா முந்நூறு ரூபாய்தான் இருக்கும். அந்த மாதிரி பர்ஸுக்குன்னே ஒரு மலை இருக்கு. திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற ரோட்டுல, பஸ் ஜன்னல்லயே தெரியும். செஞ்சிக் கோட்டை!

போகாதவங்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. மொத்தம் மூணு மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூணையும் சேர்த்து வளைச்சு சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில். ஊர்க்காரங்க ராஜகிரியை ராஜாக்கோட்டைன்னும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிருஷ்ணகிரியை ராணிக்கோட்டைன்னும் சொல்வாங்க. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி. சென்னை எல்.ஐ.சி. பில்டிங் நாலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாலும் அதைவிட உசரம். லிஃப்ட் கிடையாது!

2025 ஜூலையில யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலக பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது ஞாபகம் இருக்கா? மராட்டியர்களோட 12 கோட்டைகளைச் சேர்த்து ஒரே பட்டியலா அறிவிச்சாங்க. அதுல பதினொண்ணு மகாராஷ்டிராவுல. மிச்சம் இருக்கிற ஒரே ஒண்ணு நம்ம செஞ்சி. நியூஸ் வந்த அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு போன். இருபது வருஷத்துக்கு முன்னாடி என்கூட செஞ்சிக்கு வந்த நண்பன். பேர் வேண்டாம், இப்போ பேங்க்ல பெரிய ஆபீசர். "டேய், யுனெஸ்கோவுக்கே தெரிஞ்சிருச்சு. நான் மாட்டிக்கிட்ட பாறையையும் லிஸ்ட்ல சேர்த்துட்டாங்களா?"ன்னு கேட்டான். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா அன்னைக்கு யாரும் சிரிக்கல பாஸ்.

2004. செகண்ட் இயர். அஞ்சு பேர். மே மாச வெயில்ல மதியம் பன்னிரண்டரைக்கு ஏற ஆரம்பிச்ச மேதாவிங்க நாங்க. அஞ்சு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒரு லிட்டர் பாட்டில். காலில் ரப்பர் செருப்பு. அந்த நண்பன் மட்டும் அடிவாரத்துலயே, "எனக்கு உசரம்னா ஆகாதுடா, நான் கல்யாண மகால்கிட்ட உட்கார்ந்திருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க"ன்னு தெளிவா சொன்னான். விட்டோமா? ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினோம். 'பயந்தாங்கொள்ளி'ன்னு ஆரம்பிச்சது, அங்கே நடந்துபோன ஒரு கேர்ள்ஸ் கேங்கைக் காட்டி, 'அவங்களே ஏறுறாங்க பாரு'ங்கிற வரைக்கும் போச்சு. அந்த டயலாக்கை முதல்ல சொன்னது நான்தான். (கேர்ள்ஸ் மன்னிக்கவும். அவங்க எங்களுக்கு முன்னாடி உச்சிக்குப் போய், நாங்க பாதி ஏறும்போது இறங்கி வந்துட்டாங்க.)

பாதி மலையில கமலக்கண்ணி அம்மன் கோயில். அதுக்கு மேல கொஞ்ச தூரம் போனதும் எங்க கேங் லீடருக்கு ஐடியா உதிச்சது. படி சுத்திச் சுத்திப் போகுது, நேரா பாறை மேலயே ஏறினா ஷார்ட் கட்! நாங்க நாலு பேரும் தவழ்ந்து, வழுக்கி ஒரு மாதிரி ஏறிட்டோம். அவனும் பின்னாடியே வந்தான். ஓட்டினது வேலை செஞ்சிருச்சு இல்ல? பாதியில கீழே பார்த்தான். அவ்வளவுதான். மேலயும் வரமுடியல, கீழயும் போகமுடியல. பல்லி மாதிரி பாறையோட ஒட்டிக்கிட்டான். உள்ளங்கை வேர்த்து வழுக்குது. வெயில்ல பாறை தோசைக்கல் மாதிரி கொதிக்குது. "டேய், கால் நடுங்குதுடா"ன்னு அவன் சொன்ன குரல் எனக்கு இன்னமும் கேட்கும்.

இங்க கொஞ்சம் பாறை சயின்ஸ். செஞ்சியைச் சுத்தி மலை மலையா உருண்டைப் பாறைங்க குவிஞ்சு கிடக்கும். யாரோ ராட்சசன் கொண்டுவந்து கொட்டினது இல்லை. ஒரு காலத்துல எல்லாம் ஒரே கருங்கல்லா பூமிக்கு அடியில இருந்தது. அதுல குறுக்கும் நெடுக்குமா விரிசல். விரிசல்ல தண்ணி இறங்கி, முனைகளை எல்லாம் அரிச்சு உருட்டிருச்சு. அப்புறம் சுத்தியிருந்த மண் மழையில கரைஞ்சு போக, உருண்டைங்க மட்டும் நின்னுடுச்சு. அதனாலதான் இந்தப் பாறைகள்ல கை வைச்சுப் பிடிக்க முனையே கிடைக்காது. சரிவா, வழவழன்னு இருக்கும். பிடிமானம் முழுக்க உங்க பாதத்துக்கும் பாறைக்கும் நடுவுல இருக்கிற உராய்வுதான். ஏறும்போது அடுத்த அடி எங்கேன்னு கண்ணு முன்னாடி தெரியும். இறங்கும்போது காலுக்குக் கீழே என்ன இருக்குன்னே தெரியாது. ஏறினவன் எல்லாம் இறங்கிட முடியாது, மக்களே.

பயத்துல நாம செய்யற பெரிய தப்பு பாறையைக் கட்டிப் பிடிக்கிறது. உடம்பு பாறை மேல சாய்ஞ்சா, வெயிட் கால்ல இருந்து விலகிடும். கால் வழுக்க ஆரம்பிக்கும். நிமிர்ந்து நிக்கணும், குதிகாலைத் தாழ்த்தி வைக்கணும், பாதம் முழுசா பாறையில பதியணும். மனசு அதை ஒத்துக்கவே ஒத்துக்காது, அதுதான் கஷ்டம்.

இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த கோச்சும் இல்லை. அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கிட்டு வந்த ஒரு பெரியவர். எங்க கூச்சலைக் கேட்டு வெறுங்காலோட வந்தார். கயிறு இல்லை, ஒண்ணும் இல்லை. நண்பனுக்கு நேர் கீழே ஏறி நின்னார். "தம்பி, கீழே பாக்காத. பாறையைப் பாத்துக்கிட்டே நில்லு. செருப்பை உதறு. இடது காலை நான் சொல்ற எடத்துல வை"ன்னு அவன் கணுக்காலைப் பிடிச்சு ஒவ்வொரு அடியா வைச்சார். முப்பது அடி இறங்க முக்கால் மணி நேரம். கீழே வந்ததும் நண்பன் உட்கார்ந்து அழுதான். பெரியவர் எங்க நாலு பேரையும் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வரமாட்டேன்னு சொன்னவனை ஏன்யா இழுத்துக்கிட்டு வந்தீங்க?" அவன் வரமாட்டேன்னு சொன்னது அவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நாங்க கேட்கல. எங்க முகத்துலயே எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

அந்த மலை நம்மளவிடப் பெரிய ஆளுங்களையே அலைக்கழிச்ச மலை. 1190 வாக்குல கோன் வம்சத்து ஆனந்தக் கோன் கட்ட ஆரம்பிச்சது. 1677-ல சிவாஜி பிடிச்சார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, அவுரங்கசீப்போட தளபதி சுல்பிகர்கான் 1690-ல வந்து முற்றுகை போட்டார். கோட்டை கைக்குக் கிடைச்சது 1698-ல! அதுக்குள்ள ராஜாராம் எஸ்கேப். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பிளவு இருக்கு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அது மேல ஒரு பாலம். பாலத்தை எடுத்துட்டா அந்தப் பக்கம் பத்துப் பேர் போதும், படையையே நிறுத்திடலாம். அதே கோட்டையை 1750-ல பிரெஞ்சுக்காரங்க ஒரே ராத்திரியில பிடிச்சது தனிக்கதை.

அப்புறம் நம்ம தேசிங்கு ராஜா. 1714-ல ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோட மோதி செத்தப்போ அவருக்கு இருபத்திரெண்டு வயசுதான்னு சொல்றாங்க. உங்க ஃபைனல் இயர் சீனியர் வயசு! எதிரே பெரும்படை, இந்தப் பக்கம் கொஞ்சப் பேர். அந்த முடிவை வீரம்னு பாட்டாப் பாடி, 1960-ல எம்.ஜி.ஆரை வைச்சுப் படமும் எடுத்தாச்சு. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம்... 'வேணாம் ராஜா'ன்னு சொன்னவன் ஒருத்தன்கூடவா அந்தக் கூட்டத்துல இருந்திருக்க மாட்டான்? அவனைப் பத்தி யார் பாடப் போறா!

சரி, பாறை ஏறவே கூடாதான்னா, தாராளமா ஏறலாம். செஞ்சியில இல்லை, முறையாக் கத்துக்கிட்டு. தெலங்கானாவுல புவனகிரின்னு ஒரு கோட்டை மலை, செஞ்சி மாதிரியே மொட்டைப் பாறை. அங்க கயிறு கட்டிப் பழகின மாலாவத் பூர்ணாங்கிற பழங்குடிப் பொண்ணு 2014-ல, 13 வயசுல எவரெஸ்ட்ல நின்னா. நம்ம விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி, ரெண்டு குழந்தைங்களுக்கு அம்மா, 2023 மே மாசம் எவரெஸ்ட் ஏறினாங்க. ரெண்டு பேரும் ரப்பர் செருப்புல போகலை. காட்டு வழி நடக்க ஆசையா? 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில இருபதுக்கும் மேல உயிர் போச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை, வழிகாட்டியோட போற மாதிரி 40 பாதைகளைத் திறந்தது. அந்த வழியாப் போங்க.

செஞ்சிக்குப் போறவங்க காலையில கோட்டையைத் திறந்ததும் ஏறுங்க. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, ஷூ. பிஸ்கட் பாக்கெட்டை வெளியே காட்டாதீங்க, குரங்கார் வாங்கிப்பார். படியை விட்டு இறங்காதீங்க. சுவர்ல ஹார்ட்டின் வரைஞ்சு பேர் செதுக்கற ரோமியோக்களுக்கு: ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும் சேர்த்து. சட்டம் அப்படித்தான் சொல்லுது. அப்புறம் அந்தப் பேரைக் கல்யாணப் பத்திரிகையில போடறது கஷ்டம்!

போன் பண்ணின நண்பனும் நானும் போன டிசம்பர்ல மறுபடி போனோம். படியில, மெதுவா. கமலக்கண்ணி அம்மன் கோயில் வந்ததும் அவன் உட்கார்ந்துட்டான். "இதுக்கு மேல எனக்கு வேணாம்டா. நீ போய்ட்டு வா"ன்னான். சரிடான்னு தண்ணி பாட்டிலை அவன்கிட்ட கொடுத்துட்டு மேல போனேன். உச்சியில காத்து பிச்சிக்கிட்டு அடிச்சது. இறங்கி வந்தப்போ அவன் பாட்டில் காலி, பக்கத்துல ரெண்டு காலேஜ் பசங்க மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாங்க. அவங்களுக்கு ஆட்டுக்காரப் பெரியவர் கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தான். நான் வந்து நின்னதும் என்னைக் கைகாட்டி, "அந்த டயலாக் சொன்னது இவன்தான்"னு மாட்டிவிட்டான்.