பழைய கேமிங் பிசியில முதல்ல எதை மாத்தணும்? கிராபிக்ஸ் கார்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க



சம்பளம் வந்த அன்னைக்கு ராத்திரி ஷாப்பிங் ஆப்பைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டை கார்ட்ல போட்டு, "நோ காஸ்ட் இஎம்ஐ, 12 மாதம்" பட்டன் மேல விரலை வச்சுட்டு யோசிச்சுட்டு இருக்கீங்களா? அந்த விரலை ஒரு பத்து நிமிஷம் எடுங்க. இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

பழைய கேமிங் பிசியை அப்கிரேடு பண்றதுன்னா முதல்ல கிராபிக்ஸ் கார்டுதான்னு எல்லாரும் சொல்வாங்க. மாதச் சம்பளத்துல வாழ்ற பெரும்பாலானவங்களுக்கு அது தப்பான முதல் படி என்பது என் கருத்து. இதை நான் சொந்தக் காசு போட்டுக் கத்துக்கிட்டேன்.

நான் பண்ணின தப்பு

2018ல அசெம்பிள் பண்ணின பிசி. ஐ5 8400 பிராசஸர், ஒத்தை ஸ்டிக்கா 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, கேபினட்டோட சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ். மூணு வருஷத்துல கேம் எல்லாம் திக்கித் திக்கி ஓட ஆரம்பிச்சது. 2021 டிசம்பர்ல, 32,000 சம்பளத்துல, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை 52,000 ரூபாய்க்கு 12 மாத இஎம்ஐல வாங்கினேன். மாதம் 4,700 கிட்ட போச்சு. கார்டு விலை உச்சத்துல இருந்த நேரம் அது. ஒரு பக்கம் சிப் தட்டுப்பாடு, இன்னொரு பக்கம் கிரிப்டோ மைனிங். அமெரிக்காவுல 329 டாலர்னு அறிவிச்ச கார்டு அது!

கார்டை மாட்டினேன். நான் தினமும் ஆடினது வேலரண்ட், ஜிடிஏ 5. ரெண்டும் முன்ன மாதிரியே திக்குச்சு. பெரிய கேம் போட்டா பிசி தானா ரீஸ்டார்ட் ஆச்சு. 170 வாட் கேட்கிற கார்டுக்கு, பழைய எஸ்எம்பிஎஸ்ல ஒரு கன்வெர்டர் வயரைப் போட்டு ஒப்பேத்தியிருந்தாங்க. என்விடியா அந்தக் கார்டுக்குச் சொல்றதே 550 வாட். அப்புறம் எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, இன்னொரு 8 ஜிபி ரேம்னு 12,500 ரூபாய் கிரெடிட் கார்டுல தேய்ச்சேன். அதுக்கப்புறம்தான் திக்கல் நின்னுச்சு.

இதுல எனக்கு இன்னும் உறுத்துற விஷயம் ரெண்டு. ஒண்ணு, எல்லாம் முடிஞ்ச பிறகு சும்மா சோதிச்சுப் பார்க்கலாம்னு பழைய 1050 டிஐயைத் திரும்ப மாட்டினேன். நான் ஆடுற ரெண்டு கேமும் என் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல அழகா ஓடிச்சு. அதாவது என் பிரச்சினைக்கு விலை 12,500. நான் முதல்ல செலவழிச்சது 52,000.

ரெண்டாவது, நாலாவது இஎம்ஐ போயிட்டு இருந்தப்போ அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கையில இருந்த அவசரப் பணம் கேஸ் பெட்டிக்குள்ள கலர் லைட்டோட சுத்திட்டு இருந்துச்சு. நண்பன்கிட்ட 15,000 கடன் வாங்கினேன். அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

முதல்ல அளந்து பாருங்க, இதுக்குச் செலவு இல்ல

காய்ச்சல் எவ்வளவுன்னு பார்க்காம மாத்திரை வாங்க மாட்டோம். பிசிக்கும் அதேதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம். அதைப் போட்டுட்டு, நீங்க நிஜமா ஆடுற கேமை அரை மணி நேரம் ஆடுங்க. வி-சிங்க், எஃப்பிஎஸ் லிமிட் ரெண்டையும் ஆஃப் பண்ணிக்கோங்க. அப்புறம் இதைப் பாருங்க:

- கிராபிக்ஸ் கார்டு பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நிக்குதா? அப்போ கார்டுதான் தடை.
- அது 60, 70லயே நிக்குது, எஃப்பிஎஸ்ஸும் ஏறலையா? பெரும்பாலும் பிராசஸர் தடை. ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. அப்பவும் எஃப்பிஎஸ் ஏறலைன்னா புது கார்டு போட்டும் பெருசா பிரயோஜனம் இல்ல.
- 8 ஜிபி ரேம்ல ஏழரை நிறைஞ்சிருக்கா? டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம் காட்டுதா? என் கேஸ் இதுதான்.
- பிராசஸர் சூடு 90 டிகிரியைத் தாண்டுதா? கேபினட்டைத் திறந்து தூசி தட்டி, புது தெர்மல் பேஸ்ட் போடுங்க. சில நூறு ரூபாய் வேலை.

பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருக்கான்னும் பாருங்க. அது ஆஃப்ல இருந்தா, காசு கொடுத்து வாங்கின ரேம் வேகத்துல ஒரு பகுதியை நீங்க பயன்படுத்தவே இல்லைன்னு அர்த்தம்.

அப்புறம் உங்க மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு செகண்டுக்கு 60 தடவைதான் படத்தைப் புதுப்பிக்கும். அதுல 140 எஃப்பிஎஸ் வாங்குறதுக்காக 40,000 ரூபாய் போடுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

என் வரிசை: அடுத்த பிசிக்கும் கூட வர்றது முதல்ல

அளந்து முடிச்சாச்சு. பல பேருக்கு ரெண்டு மூணு குறை ஒண்ணாத் தெரியும். எதை முதல்ல மாத்துறது? இங்கதான் நான் யூடியூப் பெஞ்ச்மார்க்கை ஓரமா வச்சுட்டு ஒரு பணக் கேள்வி கேட்பேன்: இந்தப் பிசியே போனாலும், இந்தப் பாகம் என்கூட அடுத்த பிசிக்கு வருமா?

1. எஸ்எஸ்டி. இன்னும் ஹார்ட் டிஸ்க்ல கேம் வச்சிருந்தா வேற யோசனையே வேண்டாம். ஸ்டார்ஃபீல்டு மாதிரி கேம்கள் எஸ்எஸ்டி கட்டாயம்னே சொல்லிடுச்சு. சைபர்பங்க் 2077 கூட 2023ல ஹார்ட் டிஸ்க்கைக் கைவிட்டுடுச்சு. போர்டுல எம்.2 ஸ்லாட் இருந்தா என்விஎம்இ, இல்லைன்னா சாட்டா. கேம் ஆடும்போது ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நாளைக்குப் புது பிசி வாங்கினாலும் கழட்டி மாட்டிக்கலாம். ஆபீஸ் வேலைக்கும் பிசி பறக்கும்.

2. எஸ்எம்பிஎஸ். யாரும் ஆசைப்பட்டு வாங்காத பாகம். நல்ல கம்பெனி யூனிட்டுக்கு ஏழு, பத்து வருஷ வாரண்டியே கொடுக்கிறாங்க. ரெண்டு பிசிக்கு உழைக்கும். ஒரு விஷயம் ஞாபகம் வைங்க. 80 பிளஸ் முத்திரை கரண்டை எவ்வளவு வீணாக்காமப் பயன்படுத்துதுன்னுதான் சொல்லும், பாதுகாப்புக்கு அது சான்றிதழ் இல்ல. இதை மட்டும் செகண்ட் ஹேண்ட்ல வாங்காதீங்க. அது வெடிச்சா தனியாப் போகாது, பக்கத்துல இருக்கிறதையும் கூட்டிட்டுப் போகும். பழைய கார்டே தொடரப் போகுது, ரீஸ்டார்ட் பிரச்சினையும் இல்லைன்னா இது காத்திருக்கலாம். புது கார்டு வாங்கப் போறீங்கன்னா இதுதான் முன்னாடி.

3. ரேம். 8 ஜிபி இருந்தா 16 ஆக்குங்க. ஒத்தை ஸ்டிக் இருந்தா அதே வேகத்துல இன்னொண்ணு போடுங்க, டூயல் சேனலும் கிடைச்சிடும். அதோட நிறுத்திக்கோங்க. டிடிஆர்4 ரேம் அடுத்த பிசிக்கு வராது. ஏஎம்டியோட ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும். 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கிட்டுப் போனதுல ரேம் விலை எகிறினது தெரியும். அதனால "எதுக்கும் இருக்கட்டும்"னு 32 ஜிபிக்குப் போகாதீங்க. ரேம் செகண்ட் ஹேண்ட்லயும் தைரியமா வாங்கலாம், அங்கேயே மாட்டி டெஸ்ட் பண்ணிட்டு வாங்குங்க.

4. கிராபிக்ஸ் கார்டு. மேல சொன்ன மூணும் சரியா இருந்து, கார்டு 99 சதவீதத்துல நிக்குதுன்னா இப்போ தாராளமா கார்டு வாங்குங்க. சில பேருக்கு வேற வழியும் இல்ல. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி கேம்களுக்கு ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு கட்டாயம். ஜிடிஎக்ஸ் கார்டுல அதுங்க ஓடாது.

பழைய போர்டு வச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி கார்டு நாலு பிசிஐஇ லேன் மட்டும்தான் பயன்படுத்தும். பிசிஐஇ 3.0 போர்டுல அதோட வேகம் நல்லாவே அடி வாங்கும். ரிவ்யூ வீடியோவுல வர்ற எண் உங்க வீட்டுல வராது. ரிச்சி ஸ்ட்ரீட்ல "சார், இது புதுசு மாதிரி சார்"னு பழைய கார்டைக் காட்டினா பில் இருக்கா, வாரண்டி மிச்சம் இருக்கான்னு கேளுங்க. பத்து நிமிஷமாவது லோடுல ஓட்டிப் பார்த்துட்டு காசு கொடுங்க.

5. பிராசஸர். இதுல ரெண்டு வகை. ஏஎம்4 போர்டுக்காரங்க அதிர்ஷ்டசாலிங்க. பி450 போர்டுல ரைசன் 5 2600 இருந்தா, பயாஸ் அப்டேட் பண்ணிட்டு ரைசன் 5 5600 மாட்டிடலாம். போர்டு, ரேம் எதையும் தொட வேண்டாம். என்னை மாதிரி எட்டாம் தலைமுறை இன்டெல் வச்சிருந்தா ஒன்பதாம் தலைமுறையோட கதை முடிஞ்சது. அதுக்கு மேல வேணும்னா போர்டையும் மாத்தணும், பல நேரம் ரேமையும். அது அப்கிரேடு இல்ல, பாதிப் புது பிசி. அந்தச் செலவைக் கடைசிக்குத் தள்ளுங்க.

ஒரு விதிவிலக்கு: 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. முதல் தலைமுறை ரைசனும் பெரும்பாலான ஏழாம் தலைமுறை இன்டெலும் விண்டோஸ் 11 பட்டியல்லயே இல்ல. அதே பிசியில பேங்கிங், ஆபீஸ் லாகின் எல்லாம் பண்றீங்கன்னா, பழைய போர்டுல இன்னும் காசு கொட்டாம புது பிசிக்குச் சேர்க்க ஆரம்பிங்க.

என் கணக்கு இதுதான்: தேவையான எல்லா அப்கிரேடும் சேர்ந்து, அதே அளவு புது பிசி விலையில பாதியைத் தாண்டினா நான் நிறுத்திடுவேன்.

"நோ காஸ்ட்" இஎம்ஐ, யாருக்கு நோ காஸ்ட்?

ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லியாச்சு. வட்டி இருக்கும். அந்தத் தொகையைத் தள்ளுபடியாக் காட்டுவாங்க, அவ்வளவுதான்.

40,000 ரூபாய் கார்டு, 12 மாதம், 16 சதவீத வட்டின்னு வச்சுக்கோங்க. வட்டி சுமார் 3,260 ரூபாய். அது தள்ளுபடியில கழிஞ்சிடும். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 590 ரூபாய் உங்க தலையில. பிராசசிங் ஃபீஸ் 199ன்னா ஜிஎஸ்டியோட 235. மொத்தம் 820 ரூபாய்க்கு மேல. மொத்தமாப் பணம் கட்டினா கிடைச்சிருக்கிற டிஸ்கவுன்ட் இருந்தா அதுவும் போச்சு.

நியாயமாச் சொன்னா 820 ரூபாய் பெரிய தொகை இல்ல. எனக்கு இஎம்ஐ மேல இருக்கிற கோபம் வேற. 12,500ல தீர வேண்டிய பிரச்சினைக்கு 52,000 செலவு பண்ற தைரியத்தை அது எனக்குக் கொடுத்துச்சு. கையில ரொக்கமா எண்ணிக் கொடுக்கணும்னா நான் முதல்ல எஸ்எஸ்டிதான் வாங்கியிருப்பேன். மாதம் 4,700ன்னு பார்த்தப்போ எனக்கு 52,000 கண்ணுக்குத் தெரியல.

அதனால என் வழி இப்போ சிம்பிள். மாதம் 3,000 ஒரு ஆர்டி. ஒரு வருஷத்துல 36,000, மேல கொஞ்சம் வட்டி. எஸ்எஸ்டி, ரேம் எல்லாம் அந்தந்த மாத மிச்சத்துலயே முடிஞ்சிடும். கார்டுக்கு ஆர்டி. காத்திருந்தா விலை இறங்கும்னு வாக்குறுதி கொடுக்க மாட்டேன், ரேம் விலை நமக்கு அதைக் கத்துக் கொடுத்துடுச்சு. நான் 52,000க்கு வாங்கின கார்டு 2022 கடைசியில முப்பதாயிரத்துச் சில்லறைக்குக் கிடைச்சுது, அது ஒரு பக்கம். ஆனா விலை ஏறினாலும், நடுவுல வீட்டுல ஒரு அவசரம் வந்தா ஆர்டியை உடைக்கலாம். இஎம்ஐயை உடைக்க முடியாது.

"ஒரு ஆசைக்குக் கூட செலவு பண்ணக் கூடாதா?"ன்னு கேட்பீங்க. தாராளமாப் பண்ணுங்க. நாள் பூரா வேலை பார்த்துட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுறது வீண் செலவு இல்ல. மூணு மாதச் செலவுக்கு அவசர நிதியும் குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸும் இருந்தா, கார்டு வாங்குறதுக்கு யார்கிட்டயும் விளக்கம் சொல்ல வேண்டியது இல்ல. அது ரெண்டும் இல்லாம வாங்கினா, ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் மனசு ஒரு ஓரத்துல கணக்குப் போட்டுட்டே இருக்கும். நாலு மாதம் நான் அப்படித்தான் ஆடினேன்.

இந்தச் சனிக்கிழமை கேபினட்டைத் திறந்து தூசி தட்டுங்க. அரை மணி நேரம் அளந்து பாருங்க. ஒரு பேப்பர்ல மூணு வரி எழுதுங்க: தடை எது, அதை நீக்க என்ன விலை, அது கையில இருக்கிற காசா இல்ல வரப்போற சம்பளமா. அந்த மூணாவது வரியைப் பார்த்துட்டு ஆப்பைத் திறங்க.