கோரை இல்லைங்க, அது மழை லில்லி

ஒரு உழவு மழை பெய்தால் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை விதைக்கிற பேச்சுதான். என் வீட்டுப் பின்கட்டில் மட்டும் வேறு கவலை. மழை விட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மழை லில்லி மஞ்சளும் ரோஸுமாகப் பூத்து நிற்கும். அன்றைக்குத் தெருவே வந்து "ஒரு கிழங்கு குடும்மா" என்று கேட்கும்.

விதை கொடுத்தால் வாங்க ஆளில்லை. கிழங்கில் வருவது அதே பூ. ஒரு வகையின் மகரந்தத்தை இன்னொரு வகைப் பூவில் சேர்த்து விதை எடுத்தால்தான் புது நிறத்துக்கு வழி. யார் கேட்கிறார்கள்?

பூ வாடியதும் மூன்று புடைப்பாகக் காய் பிடிக்கும். அது வெடித்தால் உள்ளே கரிக்காகிதத்தைக் கத்தரித்து அடுக்கிய மாதிரி கறுப்பு விதைகள். பறித்த சூட்டோடு ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்தால் உயிர் போய்விடும். இது தெரியாமலா பாக்கெட் போட்டு விற்கிறார்கள்? ஆன்லைனில் வாங்கிய பாக்கெட்டில் விதை எப்போது பறித்தது என்று ஒரு வரி கிடையாது. படத்தில் மட்டும் நீல நிற மழை லில்லி! அது எந்தத் தோட்டத்தில் பூத்ததோ, விற்றவருக்கே வெளிச்சம்.

சரி, சொந்த விதை முளைத்தது. அப்புறம்தான் என் பாடு. பூக்க ஒன்றிரண்டு வருஷம் ஆகும். அதுவரை பார்வைக்கு வெறும் புல். "என்னா, தொட்டியெல்லாம் கோரை மண்டிக் கெடக்குது" என்று அத்தை ஒரு கைப்பிடி பிடுங்குவார். பேச்சுவாக்கில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கைப்பிடி. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் சுவரோரத் தொட்டிகளைச் சுத்தமாக மழித்துவிட்டு, அதற்கும் சேர்த்து டீக்காசு கேட்டார். கோரை இலை நடுவில் மடிந்திருக்கும், இது சதைப்பற்றாக இருக்கும் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுப்பது? வெங்காயத்தாள் என்று குழம்புக்குக் கிள்ளப் போன கையையும் தட்டிவிட்டிருக்கிறேன். கிழங்கு விஷம், தின்றால் வாந்திதான்.

ரோஸ் வகைக்குப் பூர்வீகம் கியூபா, வெள்ளைக்கு அர்ஜென்டினாப் பக்கம். அத்தனை கடல் தாண்டிப் பிழைத்ததுகளுக்கு என் வீட்டு ஆட்களிடம் பிழைக்க முடியவில்லை.

கடைசியில் 'இது புல் இல்லை' என்று அட்டையில் எழுதிக் குச்சியில் கட்டித் தொட்டியில் நட்டேன். நேற்றுப் பார்த்தால் குச்சியையும் காணோம். வெந்நீர் அடுப்புக்கு ஆச்சாம். அத்தைதான் சொன்னார்.