பென் எடுக்காத லெப்டொப்பைத் தூக்கி எறியாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபமும் வரும். முழுவதும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன மாதம் ஏ/எல் படிக்கும் ஒரு பிள்ளை பழைய லெப்டொப் ஒன்றை என்னிடம் கொண்டு வந்தா. மாமா வெளிநாட்டில் பாவித்துவிட்டுக் கொடுத்தது. அடியில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர். உள்ளே இருந்த விண்டோஸ் கெட்டுவிட்டது. புதிதாகப் போடப் பார்த்தால், "சேர், பென்ன குத்தினா ஒண்டும் வருதில்ல" என்றா. இரண்டு கடைகளில் காட்டியிருக்கிறார்கள். ஒன்றில் "போர்ட் போயிட்டு" என்றார்களாம். மற்றதில் "இது பழசு, இனிச் சரிவராது, புதுசு ஒண்டு எடுங்க" என்றார்களாம். வாப்பா கூலி வேலை. உம்மா காப்பை அடகு வைக்க எடுத்து வைத்திருந்தா.

நான் பெரிய டெக்னீசியன் இல்லை, பாடசாலையில் ஐசிடி படிப்பிக்கிறவன். அரை மணித்தியாலம் இருந்து பார்த்தேன். இரண்டு பிழைகள். ஒன்று, பென்னைப் புதிய யூஇஎஃப்ஐ மெஷினுக்கு ஏற்ற ஜிபிடி முறையில் தயாரித்திருந்தார்கள். அந்த லெப்டொப்புக்குத் தெரிந்தது பழைய பயோஸ் முறை மட்டும்தான். ரூபஸில் எம்பிஆர், பயோஸ் என்று தெரிவு செய்து மறுபடி தயாரித்தேன். அப்போதும் எடுக்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், பென் குத்தியிருந்தது நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில். பழைய லெப்டொப்கள் சிலவற்றில் அந்தத் துளை விண்டோஸ் ஏறிய பிறகுதான் வேலை செய்யும். பக்கத்திலிருந்த கறுப்புத் துளைக்கு மாற்றினேன். எடுத்துவிட்டது. செலவு ஒரு ரூபா இல்லை.

இப்போது கேட்கிறேன். "போர்ட் போயிட்டு" என்று சொன்னவர் எதைச் சோதித்துப் பார்த்துச் சொன்னார்? ஓன் பண்ணியதும் பயோஸ் திரை ஒழுங்காக வருகிறது, கீபோர்ட் வேலை செய்கிறது. அப்படியென்றால் போர்ட் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. நாடி பார்க்காமல் மௌத் அறிவிப்புச் செய்கிற வேலை இது.

கடைக்குப் போகும் முன் நீங்களே இவற்றைப் பாருங்கள்:

1. ஐஎஸ்ஓ ஃபைலைப் பென்னுக்குள் வெறுமனே கொப்பி பண்ணினால் பூட் ஆகாது. ரூபஸ், வென்டோய் மாதிரி ஒன்றால் தயாரிக்க வேண்டும்.

2. அதே பென்னை வேறொரு கம்பியூட்டரில் குத்திப் பாருங்கள். அங்கேயும் எடுக்காவிட்டால் குற்றம் பெரும்பாலும் பென்னில்.

3. ஓன் பண்ணியவுடன் பூட் மெனு கீயை அழுத்துங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. அசூஸ் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12 மெனுவை முதலில் பயோஸுக்குள் போய் எனேபிள் பண்ண வேண்டி வரும்.

4. விண்டோஸ் 8, 10 உள்ள மெஷினை ஷட்டவுன் பண்ணினாலும் அது முழுதாக அணைவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்து முயற்சி செய்யுங்கள்.

5. விண்டோஸ் 8 ஸ்டிக்கர் உள்ளவை பெரும்பாலும் யூஇஎஃப்ஐ. அவற்றில் சில பென்களை செக்கியூர் பூட் தடுக்கும். பென் என்டிஎஃப்எஸ் ஆக இருந்தால் சில மெஷின்களுக்கு அது தெரியவே தெரியாது, எஃப்ஏடி32 ஆக இருக்க வேண்டும்.

6. பயோஸில் கை வைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். யூஇஎஃப்ஐ, லெகசி என்பதை மாற்றினால் உள்ளே இருக்கும் விண்டோஸும் ஏறாமல் போகும். பயப்படாமல் பழையபடி மாற்றிவிடுங்கள். முக்கியமாக, விண்டோஸ் போடும் முன் உள்ளே இருக்கும் படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

"சேர், பழசைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. உண்மையாகவே போர்ட் போன மெஷின்களும் உண்டு, அவற்றுக்குச் செலவழிப்பது வீண். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்துவிட்டது, இந்த வயது மெஷின்கள் விண்டோஸ் 11க்குத் தகுதியும் இல்லை. ஆனால் 4 ஜிபி ரெம் இருந்தால் லினக்ஸ் மின்ட் இலவசமாகப் போடலாம். பாடக் குறிப்பு தட்டச்சு செய்ய, பைதன் பழக, சூம் வகுப்புக்கு இருக்க அது போதும். புதுசு வாங்க வசதி உள்ளவர் வாங்கட்டும். காப்பை அடகு வைக்கிறவரிடம் பொய்க் காரணம் சொல்லி வாங்க வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கடைக்காரச் சகோதரர்களே, உங்கள் பிழைப்பில் மண் போட வரவில்லை. பென்னைச் சரியாகத் தயாரித்துக் கொடுத்துவிட்டு உங்கள் கூலியை வாங்குங்கள், அது உங்கள் உரிமை. தெரியாவிட்டால் "எனக்குத் தெரியல்ல" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. "போர்ட் போயிட்டு" என்றால், எதைச் சோதித்தீர்கள் என்று பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

பழைய மாணவர் சங்கத்துக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. புதிய லெப்டொப் இரண்டு கொடுத்து, பெனர் கட்டி, பத்துப் பேர் நின்று படம் பிடிப்பது நல்லதுதான். அதற்கு முன் ஊரில் அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடக்கும் மெஷின்களைச் சேகரியுங்கள். எத்தனை பிழைக்கும் என்று பார்ப்போம். பெனர் காசுக்கே சில பென்னும் ரெமும் வாங்கலாம்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நம் பாடசாலை கம்பியூட்டர் அறையில் இருப்பேன். பென் எடுக்காத லெப்டொப் இருந்தால் சார்ஜரோடு கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், பக்கத்தில் இருந்து பழகட்டும். அடுத்த முறை அந்தப் பிள்ளையே பக்கத்து வீட்டு லெப்டொப்பைப் பார்த்துக் கொடுக்கும்.

அந்த உம்மாவின் காப்பு இப்போது கையில்தான் இருக்கிறது.