மாடுகள் இல்லாத காடு: பார்த்ததும் படித்ததும்

இந்தக் கோடை விடுமுறையில் பத்து நாட்கள் ஊரில் இருந்தேன். எங்கள் ஊர் நாட்றாம்பாளையம். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் காட்டுச் சாலையில் இருக்கிறது. காவிரியைத் தாண்டினால் கர்நாடகம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் பகுதி. ஆற்றுக்கு அப்பால், ஒகேனக்கல்லுக்குக் கூப்பிடு தூரம் என்று எங்கள் ஊரார் சொல்லும் இடத்தில் கோபிநத்தம் இருக்கிறது. வீரப்பன் பிறந்த ஊர் என்று சொன்னால் வாசகர்களுக்கு உடனே விளங்கும். எங்கள் பகுதியின் முகவரியே அப்படித்தான் ஆகிவிட்டது.

ஊரில் அலைபேசிச் சமிக்ஞை சீராகக் கிடைக்காது என்பதால் ஓசூரிலேயே சிலவற்றைத் தரவிறக்கி எடுத்துச் சென்றிருந்தேன். 2023 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான, செல்வமணி செல்வராஜ் இயக்கிய 'தி ஹண்ட் ஃபார் வீரப்பன்', அதே ஆண்டு டிசம்பரில் ஜீ5 தளத்தில் வந்த 'கூச முனிசாமி வீரப்பன்', வெற்றிமாறனின் 'விடுதலை' இரண்டு பாகங்கள். கூடவே, மூன்றாம் முறை வாசிப்பதற்காக ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல்.

ஒரு மாலை நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்து பக்கத்தில் அமர்ந்தார். இளமையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் பட்டி போட்டு மாதக்கணக்கில் தங்கியவர். வானிலிருந்து எடுத்த காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மலைமுகடுகள், மூங்கில் புதர்கள், வளைந்தோடும் ஆறு. அவர் வீரப்பனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அரைமணி நேரம் பார்த்துவிட்டு எழுந்தார். "ஏம்பா, இத்தன காடு காட்டறாங்க, ஒரு மாடுகூடக் கண்ணுல படலியே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு தொடர்களும் மக்களை மறந்தவை அல்ல. அதிரடிப்படையின் தேடுதல் வேட்டைக் காலத்தில் காட்டோர மக்கள் பட்ட சித்திரவதைகளை இரண்டுமே பேசுகின்றன. முன்பு மக்கள் தொலைக்காட்சியில் வ. கௌதமன் இயக்கத்தில் வந்த 'சந்தனக்காடு' தொடரும் பேசியது. வீரப்பனைத் தேடிய அதிகாரியே எழுதிய ஆங்கில நூலும் 2017இல் வந்துவிட்டது. ஜீ5 தொடரில் நக்கீரன் இதழ் 1990களில் பதிவு செய்த காணொளிகளில் வீரப்பனே பேசுகிறார், சிரிக்கிறார், நடித்துக் காட்டுகிறார். நெட்ஃபிளிக்ஸ் தொடரில் முத்துலட்சுமியின் குரல் பார்ப்பவரை விடாமல் பிடித்து நிறுத்துகிறது. துரத்தியவர், துரத்தப்பட்டவர், அவர் மனைவி என்று எல்லாத் தரப்புக்கும் இன்று முகம் கிடைத்திருக்கிறது.

ஆனால் கிராமத்து மனிதர்கள் திரைக்குள் வரும்போதே காயத்தோடுதான் வருகிறார்கள். எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள், என்ன செய்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறார்கள். அதற்கு முந்தைய நாள் காலையில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எதை விதைத்தார்கள், எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள்? யாரும் கேட்பதில்லை. சாட்சியம் மட்டும் பதிவாகிறது. சாட்சி சொல்பவர் யார் என்பது தெரியாமலே போகிறது.

'விடுதலை' முதல் பாகம் கூர்மையான படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து விரிந்தது. முகாமில் பெண்கள் நிர்வாணப்படுத்தப்பட்டு வதைக்கப்படும் காட்சியில் வாச்சாத்தி நினைவுக்கு வராமல் போகாது. 1992 ஜூன் 20ஆம் நாள் அந்த மலையடிவாரக் கிராமத்தில் சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லிச் சென்றவர்கள் 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2011 செப்டம்பர் ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். அதைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பரில். இந்தக் கொடுமையைத் திரையில் துணிந்து நினைவூட்டியதற்காக வெற்றிமாறனைப் பாராட்டலாம். ஆயினும் அந்தக் காட்சி எப்படித் தொகுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உள்ளே பெண்களின் வதை, வெளியே பெருமாள் வாத்தியாரைப் பிடிக்க ஓடும் காவலர் குமரேசன் என்று இரண்டும் மாறி மாறி வருகின்றன. அவர்களின் வலி, அவன் ஓட்டத்துக்கு விசை சேர்க்கிறது. நமது பதைபதைப்பு மெல்ல இடம் மாறி, அவன் போய்ச் சேருவானா என்பதில் போய் நிற்கிறது. பெண்களில் பலரோ பெயரில்லாமலே மிஞ்சுகிறார்கள்.

'சோளகர் தொட்டி' 2004இல் வெளியானது. வீரப்பன் பாப்பாரப்பட்டி அருகே கொல்லப்பட்டதும் அதே ஆண்டு அக்டோபர் 18இல்தான். பாலமுருகன் வழக்கறிஞர், மக்கள் சிவில் உரிமைக் கழகத்தில் இயங்கியவர். கையில் இருந்த வாக்குமூலங்களை மட்டும் அடுக்கியிருந்தால் ஓர் அறிக்கை கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. நாவலின் முற்பகுதி முழுவதும் சோளகர்களின் வாழ்வுதான்: வேட்டை, தேன், விதைப்பு, கூத்து, சாவுச் சடங்கு, தொட்டிக்குள் நடக்கும் காதலும் சண்டையும், வெளியாட்களின் சூதில் நிலம் கைமாறும் அவலம். பிற்பகுதியில்தான் முகாம்களும் மின்சார வதையும் வருகின்றன. கதையின் மையத்தில் வீரப்பன் இல்லை. அதனால்தான் பிற்பகுதியில் ஒருவர் அடிபடும்போது 'பாதிக்கப்பட்டவர்' என்ற பொதுச்சொல் நம் மனத்தில் எழுவதில்லை. நமக்குத் தெரிந்த ஒருவர் அடிபடுகிறார்.

ஒருமுறை என் முதுகலை மாணவர்களிடம் இந்நாவலை வாசிக்கக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஒருவன் கேட்டான்: "ஐயா, கதை எப்போது தொடங்கும்?" பாதி நாவலை வாசித்து முடித்திருந்தான். அவன் நல்ல வாசகன்தான். வதை தொடங்கும் இடமே கதை தொடங்கும் இடம் என்று திரை அவனைப் பழக்கியிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. காரணம் உண்டு.

2000ஆம் ஆண்டு ஜூலை 30 இரவு, நடிகர் ராஜ்குமார் தாளவாடிப் பக்கத்துத் தொட்டகாஜனூரிலிருந்து கடத்தப்பட்டார். நூற்றெட்டு நாட்கள் கழித்துத்தான் விடுவிக்கப்பட்டார். அப்போது நான் வெளியூரில் விடுதியில் தங்கி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். என் ஊர்ப் பெயரைக் கேட்ட மாணவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "வீரப்பனைப் பார்த்திருக்கிறாயா?" பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததாகச் சொன்னேன். ஆற்றங்கரை, மாலை வெளிச்சம், துப்பாக்கி, மீசை, ஒரு குவளைத் தண்ணீர் என்று ஒரு கதை கட்டினேன். விடுதியில் என் மதிப்பு உயர்ந்தது. அதே ஆண்டுகளில் சித்தப்பா தம் மாடுகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். காட்டுக்குள் போனால் இந்தப் பக்கம் ஒரு சந்தேகம், அந்தப் பக்கம் ஒரு சந்தேகம். பிறகு 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் சரணாலயங்களில் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. காடு காக்கப்பட வேண்டியதே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆலம்பாடி மாட்டினத்தைக் காட்டுக்குள் வளர்த்த ஒரு வாழ்முறை எங்கள் கண்முன்னே மெலிந்துபோனது. அந்தக் கதையை என்னிடம் எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது கதை என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆவணப்படத்திடம் நாவலின் வேலையைக் கேட்பது நியாயமா என்று நண்பர்கள் கேட்கலாம். எவரும் படம்பிடிக்காத அன்றாடத்தை ஆவணப்படம் எங்கிருந்து எடுக்கும்? சரியான கேள்வி. ஆனால் வதைபட்ட ஒரு மூதாட்டியிடம், அதற்கு முன்பு உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள், எந்தப் பாட்டுப் பாடுவீர்கள் என்று கேட்பதற்கு மேலதிகமாக ஐந்து நிமிடம் போதும். தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழுவின் விசாரணைக்குப் பின், 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் பரிந்துரைக்கப்பட்டது. ஆணையம் காயத்தை அளக்கும். அதன் பணி அதுவே. கலையும் அதே அளவுகோலோடு நின்றுவிட்டால், அம்மக்கள் இரண்டாம் முறையும் வெறும் காயங்களாகவே எஞ்சுவார்கள் என்பது என் எண்ணம்.

ஆகவே ஒரு சிறு பரிந்துரை. இத்தொடர்களைப் பார்க்க விரும்புவோர் முதலில் 'சோளகர் தொட்டி'யின் முற்பகுதியையேனும் வாசித்துவிடுங்கள். அதன்பின் அந்த வான்காட்சிகள் வேறாகத் தெரியும். மூங்கிலுக்குப் பின்னால் யார் இருந்திருப்பார்கள் என்று கண் தேடத் தொடங்கும்.

விடுதியில் நான் கட்டிய கதையைச் சித்தப்பாவிடம் இதுவரை சொன்னதில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சொல்லலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன், அவருடைய மாடுகளின் பெயர்களை அவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.